காலி சீட் எப்போதும் கீழேதான் இறங்கும்

2017ஆம் ஆண்டுப் பொறியியல் கலந்தாய்வு முடிந்தபோது, தமிழ்நாட்டில் ஒற்றைச்சாளர முறைக்கு வந்திருந்த இடங்களில் ஏறத்தாழப் பாதி காலி. ஐநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், சுமார் 1.75 லட்சம் இடங்கள். சேர்ந்தவர்கள் 90,000 பேருக்கும் குறைவு. இந்தச் செய்தியை மட்டும் படித்தவர், ஒவ்வொரு கல்லூரியிலும் பாதி பெஞ்சு வெறுமையாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம். அப்படி இல்லை. கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் கோவை பி.எஸ்.ஜி.யிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல் ஏமாந்தவர்கள் அதே ஆண்டில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மறுமுனையில், ஒரு துறைக்கு 60 இடம் வைத்துக்கொண்டு பத்துப் பேரைக்கூடப் பார்க்காத கல்லூரிகள்.

நல்ல கல்லூரி நிரம்புகிறது, மோசமான கல்லூரி காலியாகிறது, இதில் வியக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. முதல் கல்லூரிக்கும் கடைசிக் கல்லூரிக்கும் தரத்தில் மலைக்கும் மடுவுக்குமான தூரம் இருந்தால்தான் இப்படி ஆகும் என்றில்லை. மயிரிழை வித்தியாசமே போதும்.

ஒரு சின்னக் கணக்கு. பத்துக் கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் 100 இடம். 1,000 பேர் வந்தால் எல்லாம் நிறையும். அடுத்த ஆண்டு 900 பேர்தான் வருகிறார்கள். பத்து விழுக்காடு சரிவு. ஒவ்வொரு கல்லூரியும் பத்துப் பேரை இழக்குமா? எந்தக் கல்லூரி முதல், எது இரண்டாவது, எது கடைசி என்பதில் அந்த 900 பேரும் ஒரே கருத்தாக இருந்தால், அப்படி நடக்காது. முதல் ஒன்பது கல்லூரிகள் முழுதாக நிரம்பும். பத்தாவது கல்லூரியில் ஒருவரும் இருக்கமாட்டார். ஒன்பதாவது கல்லூரிக்கும் பத்தாவதற்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு நல்ல ஆய்வகமாகவும் இருக்கலாம், பேருந்து நிறுத்தம் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதாகவும் இருக்கலாம். விளைவு ஒன்றே: ஒன்று முழுக் கல்லூரி, மற்றது மூடவேண்டிய கல்லூரி. ஊரெல்லாம் பகிர்ந்துகொள்ள வேண்டிய நட்டம் ஒரே வாசலில் போய் இறங்குகிறது.

இந்தக் கணக்கு ஓடுவதற்கு ஒரே ஒரு நிபந்தனை, எல்லோரும் ஏறக்குறைய ஒரே வரிசையை மனதில் வைத்திருக்க வேண்டும். லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், தூத்துக்குடியிலும் தருமபுரியிலும் உட்கார்ந்துகொண்டு ஏன் ஒரே வரிசையைப் போடுகிறார்கள்?

கல்லூரிப் படிப்பு வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கக்கூடிய பொருள் அல்ல. சேர்வதற்கு முன் தரம் தெரியாது. நான்கு ஆண்டு படித்த பிறகும், வேறு கல்லூரியில் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரியாது. 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியல் அறிஞர் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையே கோணலாகிவிடும் என்பது அதன் சாரம். 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நிலையில் வாங்குபவர் பிடித்துக்கொள்ளும் கொம்பு பெயர்தான். கல்லூரி விஷயத்தில் பெயர் என்பதற்கு நம் ஊரில் துல்லியமான ஓர் எண்ணே இருக்கிறது: போன வருடக் கட்-ஆஃப்.

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. போன ஆண்டு இந்தக் கல்லூரியில், இந்தத் துறையில், கடைசியாக உள்ளே போனவரின் மதிப்பெண் எவ்வளவு? அதைத்தான் பெற்றோர்கள் அட்டவணையாக எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். அந்த எண் கல்லூரி எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது என்பதைச் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். போன ஆண்டு மற்றவர்கள் எதை விரும்பினார்கள் என்பதைத்தான் சொல்கிறது. அந்த மற்றவர்கள் எதைப் பார்த்து விரும்பினார்கள்? அதற்கு முந்தைய ஆண்டுக் கட்-ஆஃபைப் பார்த்து.

இப்படி ஒருவர் முதுகைப் பார்த்து ஒருவர் நடப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதை அபிஜித் பானர்ஜி 1992இல் ஒரு கணித மாதிரியாக எழுதினார் (வறுமை ஆய்வுக்காக 2019இல் நோபல் பெற்ற அதே பானர்ஜி). பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உணவகங்கள். முதல் உணவகம் மேல் என்று பொதுவாக லேசான ஓர் எண்ணம். நூறு பேர் சாப்பிட வருகிறார்கள். அவர்களில் 99 பேர் காதுக்கு எட்டிய சேதி, இரண்டாவது உணவகம்தான் நல்லது என்பது. ஒரே ஒருவருக்கு மட்டும் முதல் உணவகம் நல்லது என்று சேதி. அந்த ஒருவர் முதலில் வந்துவிட்டால் முதல் உணவகத்துக்குள் போகிறார். அடுத்து வருபவர் தன் சேதியையும், முன்னவர் உள்ளே போனதையும் எடைபோடுகிறார். இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துவிடுகின்றன. மிஞ்சுவது அந்த லேசான பொது எண்ணம். அவரும் முதல் உணவகத்துக்கே போகிறார். மூன்றாமவர், நான்காமவர், நூறாமவர் வரை எல்லோரும் அங்கேதான். இரண்டாவது உணவகம் ஈயோட்டுகிறது. 99 பேருக்கு உண்மை தெரிந்திருந்தும்! இதில் யாரும் முட்டாளில்லை. ஒவ்வொருவரும் தன் கையில் இருந்த தகவலை வைத்து நியாயமாகத்தான் முடிவெடுத்தார்.

இது தாளில் போட்ட கணக்கு. 2006இல் மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் இதைச் சோதனையாகவே செய்து ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள், 14,000க்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள். ஒரு பகுதியினருக்குப் பாடல்கள் மட்டும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாடலை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடைவெளி பெருகியது. எந்தப் பாடல் மேலே வரும் என்பதோ உலகத்துக்கு உலகம் மாறியது. மிக நல்ல பாடல் அடிமட்டத்துக்குப் போகவில்லை, மிக மோசமானது உச்சிக்கு வரவில்லை. நடுவில் இருந்தவை எங்கு வேண்டுமானாலும் போயின. கல்லூரிகளுக்கும் இதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றுகிறது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிக்கு உள்ள பெயர் தற்செயல் அல்ல. ஒன்றுமே இல்லாத கட்டடம் ஒன்று காலியாவதும் தற்செயல் அல்ல. ஆனால் நூற்றைம்பதாவது கல்லூரிக்கும் முந்நூறாவது கல்லூரிக்கும் இடையே இருப்பதில் எவ்வளவு தரம், எவ்வளவு தற்செயல் என்று என்னைக் கேட்டால், தற்செயலின் பங்கு பெற்றோர் நினைப்பதைவிட அதிகம் என்பேன்.

அப்படியானால் கலந்தாய்வு முறையை மாற்றி எல்லோருக்கும் மாணவர் கிடைக்கும்படி செய்ய முடியாதா? ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. இதற்குக் கணிதம் அழுத்தமான விடை ஒன்றை வைத்திருக்கிறது.

1962இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இருவர், மாணவர்களையும் கல்லூரிகளையும் எப்படிப் பொருத்துவது என்று சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு மாணவர் தனக்குக் கிடைத்ததைவிட வேறொரு கல்லூரியை விரும்ப, அந்தக் கல்லூரியும் தான் எடுத்தவரைவிட இவரை விரும்பும் நிலை எங்கும் இல்லையென்றால் அது நிலையான ஒதுக்கீடு. அப்படி ஓர் ஒதுக்கீடு எப்போதும் உண்டு என்று அவர்கள் நிறுவினார்கள். அதைக் கண்டடையும் வழியையும் சொன்னார்கள். நம் பொறியியல் கலந்தாய்வு இதன் எளிய வடிவம். எல்லாக் கல்லூரிக்கும் ஒரே தரவரிசை. ரேங்க் முன்னால் இருப்பவர் முதலில் எடுக்கிறார், மிச்சத்தில் அடுத்தவர். சமநிலை வந்தால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று போய்க் கடைசியில் சமவாய்ப்பு எண். 2018இல் இணையவழிக்கு மாறும்வரை இது கிண்டி வளாகத்தில் நேரிலேயே நடந்தது. அரங்கத் திரையில் கல்லூரி வாரியாக மிச்ச இடங்கள் கண்ணெதிரே குறைந்துகொண்டிருக்க, பிள்ளையும் அப்பாவும் சில நிமிடங்களில் நான்கு ஆண்டுகளைத் தீர்மானிப்பார்கள்.

அமெரிக்காவில் மருத்துவப் பயிற்சியாளர்களை மருத்துவமனைகளுக்கு ஒதுக்கும் ஏற்பாடு 1952இலிருந்தே இப்படி ஒரு முறையில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே கிராமப்புற மருத்துவமனைகளுக்கு ஒரு மனக்குறை. ஒவ்வொரு ஆண்டும் எங்கள் இடங்கள்தான் காலியாகின்றன, ஒதுக்கும் முறையைக் கொஞ்சம் திருத்தக்கூடாதா என்று. ஆல்வின் ராத் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு 1980களில் ஒரு தேற்றம் நிறுவினார். ‘கிராமப்புற மருத்துவமனைத் தேற்றம்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பலவித நிலையான ஒதுக்கீடுகள் இருக்கலாம், யாருக்கு எது என்பது அவற்றுக்குள் மாறலாம். ஆனால் காலியாக இருக்கும் இடங்களின் எண்ணிக்கை எந்த மருத்துவமனையிலும் மாறாது. அதுமட்டுமல்ல; ஓர் ஒதுக்கீட்டில் நிரம்பாமல் போன மருத்துவமனைக்கு, மற்ற எல்லா நிலையான ஒதுக்கீட்டிலும் அதே ஆட்கள்தான் கிடைப்பார்கள், ஒருவர்கூட மாறமாட்டார். விருப்பங்கள் அப்படியே இருக்க, முறையை எப்படித் திருகினாலும் பலனில்லை. ராத்துக்கும் ஷாப்லிக்கும் 2012இல் நோபல் கிடைத்தது.

இந்தத் தேற்றம் தொடாத இன்னொரு வகைக் காலியிடம் உண்டு. ஒரே மாணவர் இரண்டு சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, கடைசி நேரத்தில் ஒன்றை விட்டுவிட்டுப் போவதால் வருவது அது. இதற்கு மருந்து உண்டு. ஐ.ஐ.டி.களும் என்.ஐ.டி.களும் தனித்தனியே நடத்திய சேர்க்கையை 2015இல் ஒன்றாக்கியபோது காலியிடம் கணிசமாகக் குறைந்தது. தமிழ்நாட்டிலும் மருத்துவ சீட் கிடைத்துப் போனவர்களின் இடங்கள் நல்ல கல்லூரிகளிலேயே வீணாகிக்கொண்டிருந்தன. ‘இதை ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாறிக்கொள்கிறேன்’ என்ற விருப்பமும், குறித்த நாளுக்குள் சேரவேண்டும் என்ற விதியும் வந்தபின் அந்த இடங்கள் கீழிருப்பவர்களுக்குப் போகின்றன. ஆனால் இதில் நடப்பது என்ன? மேலே ஒரு சீட் காலியானால் அடுத்த கல்லூரிக்காரர் ஏறி வருகிறார். அவர் விட்டுவந்த சீட்டுக்கு அதற்கடுத்த கல்லூரிக்காரர். காலியிடம் படிப்படியாக இறங்கிக் கடைசிக் கல்லூரியில் போய் உட்காருகிறது. ஹாரிசன் வைட் என்ற சமூகவியலாளர் 1970இல் இதற்கு ஒரு நூலே எழுதினார். பதவி காலியாகும்போது மனிதர்கள் மேலே ஏற, காலியிடம் கீழே இறங்குகிறது என்று.

அதனால்தான் மேலே இருக்கும் கல்லூரி 60 இடம் கூட்டினால், அது கீழே கேட்கிறது. இங்கிலாந்தில் பல்கலைக்கழகங்களின் மாணவர் எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்பை 2015இல் எடுத்துவிட்டார்கள். பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் பல பெருத்தன. பெயர் குறைந்தவற்றுக்கு ஆள் குறைந்தது. இந்தியாவில் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. 2024–25 கல்வியாண்டிலிருந்து, நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு ஒரு துறையில் இத்தனை இடம்தான் என்ற வரம்பைத் தளர்த்தியது. எந்தத் துறை பெருகும் என்பதற்கு ஜோசியம் வேண்டியதில்லை. மெக்கானிக்கலுக்கு லேத், பணிமனை, இயந்திரங்கள் வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஓர் அறையும் கணினிகளும் போதும் என்று நினைக்கும் நிர்வாகங்கள் குறைவல்ல.

சரிவு தொடங்கிய கல்லூரி ஏன் மீளமுடிவதில்லை? இங்கேதான் கல்லூரி மற்ற எந்தச் சரக்கோடும் சேராத சரக்காகிறது. அமெரிக்கப் பொருளியலாளர் கார்டன் வின்ஸ்டன் 1999இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கல்லூரிக்கு மாணவர்தான் வாடிக்கையாளர், அவரேதான் மூலப்பொருளும் என்றார். பக்கத்து இருக்கைக்காரர் எப்படிப் படிப்பார் என்பதும் நீங்கள் பணம் கொடுத்து வாங்கும் கல்வியின் ஒரு பகுதி. நல்ல மாணவர் போன இடத்துக்கு வளாக நேர்காணல் நடத்தும் கம்பெனிகள் வரும். கம்பெனி வரும் இடத்துக்கு நல்ல மாணவர் போவார். கீழே இதன் மறுபக்கம். 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏ.ஐ.சி.டி.இ. கணக்கு. 60 பேருக்குப் போட்ட துறையில் 12 பேர் சேர்ந்தால் கட்டணம் சம்பளத்துக்கே காணாது. முதலில் அனுபவமுள்ள ஆசிரியர் போகிறார், பிறகு ஆய்வகப் பராமரிப்பு, பிறகு கல்லூரிப் பேருந்தின் ஒரு தடம். போன ஆண்டு பெயரளவில் மட்டும் மோசமாக இருந்த கல்லூரி, இந்த ஆண்டு உண்மையிலேயே மோசமாகிவிடுகிறது. தரம் பெயரைத் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறோம். பெயரும் தரத்தைத் தீர்மானிக்கிறது.

பெயருள்ள கல்லூரியில் படித்தவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது அறிவா, அந்தப் பெயரா? இதைப் பிரித்துப் பார்க்க ஆய்வாளர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். கட்-ஆஃபுக்கு ஒரு துளி மேலே நின்று உள்ளே போனவரும், ஒரு துளி கீழே நின்று வெளியே நின்றவரும் திறமையில் ஏறக்குறைய ஒன்று. பிறகு அவர்களுக்குள் வரும் வித்தியாசம் கல்லூரியால் வந்தது. ஷீதல் சேக்ரி இந்திய அரசுக் கல்லூரிகளையும் தனியார் கல்லூரிகளையும் வைத்து இப்படிச் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. பொறியியல் அல்ல, பொதுப் பட்டப்படிப்புக் கல்லூரிகள். கோட்டுக்கு அந்தப்பக்கம் போய்ப் பெயருள்ள கல்லூரியில் சேர்ந்தவர்களின் இறுதித் தேர்வு மதிப்பெண் கூடவில்லை. சம்பளம் மட்டும் கூடியிருந்தது. அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் 2002இல் வெளியிட்ட ஆய்வு வேறு கோணம்: உயர்ந்த கல்லூரியில் இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரியில் சேர்ந்தவர்கள், சராசரியாகச் சம்பாத்தியத்தில் பின்தங்கவில்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் இதற்கு விலக்கு; அவர்களுக்குப் பெயருள்ள கல்லூரி கணிசமாக உதவியது. வீட்டில் ஆள்பழக்கமும் வழிகாட்டலும் இருப்பவருக்குக் கல்லூரியின் பெயர் ஓர் அலங்காரம். இல்லாதவருக்கு அதுதான் கதவு என்று இதை நான் படிக்கிறேன். முதல் தலைமுறைப் பட்டதாரி உள்ள வீட்டில் கட்-ஆஃபின் அரை மதிப்பெண்ணுக்காகத் தூக்கம் கெடுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தரத்தை அளக்கவென்றே வந்த தேசியத் தரவரிசையும் இந்தச் சுழலுக்கு முழுதாக வெளியே இல்லை. 2016இலிருந்து வெளிவரும் என்.ஐ.ஆர்.எஃப். கணக்கில் கற்பித்தலுக்கு 30 விழுக்காடு, ஆய்வுக்கு 30, பட்டம் பெற்றோரின் நிலைக்கு 20, பலதரப்பினரையும் சேர்த்துக்கொள்வதற்கு 10. மிச்சம் 10 விழுக்காடு, மற்றவர்கள் அந்த நிறுவனத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு. பெயருக்கே மதிப்பெண், அந்த மதிப்பெண்ணால் மறுபடி பெயர்.

நல்லவேளையாக, 900 பேரும் ஒரே வரிசையைப் போடுவது என் சின்னக் கணக்கில்தான் முழுமையாக நடக்கிறது. நாட்டில் அப்படி இல்லை. மகளைச் சென்னைக்கு அனுப்ப மனமில்லாத திருநெல்வேலி அப்பாவுக்கு, வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இருக்கும் கல்லூரிதான் முதல் கல்லூரி. கட்டணம் கட்ட முடியாதவருக்கு அரசுக் கல்லூரி. எந்தக் கல்லூரியானாலும் சிவில்தான் படிப்பேன் என்று நிற்கும் அபூர்வப் பிள்ளையும் உண்டு. இந்த வேறுபாடுகள்தான் நடுத்தரக் கல்லூரிகளை உயிரோடு வைத்திருக்கின்றன. பத்தாவது கல்லூரிக்கு நான் சொல்லக்கூடிய ஒரே யோசனையும் இதிலிருந்துதான் வருகிறது: எல்லோரும் வைத்திருக்கும் அதே வரிசையில் ஒரு படி ஏற முயன்று ஊர் முழுக்க விளம்பரத் தட்டி வைப்பதில் பயனில்லை. ஒரு வட்டாரத்துக்கோ ஒரு துறைக்கோ தான்தான் முதல் என்று ஆவது நடக்கக்கூடியது.

இந்த ஆண்டு விருப்பப் பட்டியல் போடப்போகும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கட்-ஆஃப் அட்டவணையை ஒதுக்கிவைக்கச் சொல்லவில்லை. அதோடு அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரி வாரியாக வெளியிடும் பருவத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டையும் பாருங்கள். நல்ல மாணவரை எடுத்த கல்லூரியில் தேர்ச்சி உயர்ந்திருப்பது பெரிய விஷயமல்ல. சுமாரான கட்-ஆஃபில் மாணவரை எடுத்து உயர்ந்த தேர்ச்சி காட்டும் கல்லூரி இருந்தால், அங்கே யாரோ உட்கார்ந்து பாடம் நடத்துகிறார்கள் என்று பொருள். தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் துறை வாரியாகத் தரப்படுவது, கல்லூரி முழுமைக்கும் அல்ல. உங்கள் துறைக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். நேரில் போனால் முகப்புக் கட்டடத்தைவிட்டுவிட்டு மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் பேசுங்கள். பட்டியலை உங்கள் உண்மையான விருப்ப வரிசையிலேயே போடுங்கள். ‘இது கிடைக்காது’ என்று பயந்து பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளினால் இழப்பு உங்களுக்கு மட்டுமே. மேலே வைத்துக் கிடைக்காமல் போனாலும் அடுத்த விருப்பத்துக்கான உங்கள் முறை போய்விடாது. பட்டியல் நீளமாகவும் இருக்கட்டும். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் பதியலாம், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.